சீனமொழி பேசுவோரும் ஆங்கில ஒலிகளும்: ஒரு சனிக்கிழமை வகுப்பின் அனுபவம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் இங்கே ஒலிப்பது நால்வரின் குரல். நாங்கள் நால்வரும் இந்தக் கல்லூரியில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்து வெளியேறி, இப்போது மெல்பேணில் வாழ்பவர்கள். எங்களில் இருவர் வைத்தியர்கள், ஒருவர் பேச்சுச் சிகிச்சையாளர், ஒருவர் ஆங்கில ஆசிரியை. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஒரு பொது நூலகத்தின் சிறு அறையில், சீனமொழி பேசும் சிலருக்கு ஆங்கில உச்சரிப்புப் பழக்கி வருகின்றோம். நூற்றாண்டு விழாவில் பேச இதைவிடப் பெரிய விடயங்கள் இல்லையா என்று நீங்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கதை சீனாவில் தொடங்கினாலும் எங்களுடைய நாக்கையும் காதையும் தொட்டுத்தான் போகிறது.

முதலில், ஏன் சீனர்கள்? அவுஸ்திரேலியாவில் 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஆங்கிலத்துக்கு அடுத்ததாக வீடுகளில் அதிகம் பேசப்படும் மொழி மண்டரின். 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அதை வீட்டில் பேசுகின்றனர். கன்டோனீஸ் பேசுவோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 95 ஆயிரம் பேர். எங்கள் வைத்தியசாலை வாட்டுகளில் நோயாளராகவும், தாதியராகவும், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணியாளராகவும் நாளாந்தம் நாங்கள் சந்திப்பவர்களில் இவர்கள் கணிசமானோர்.

எங்கள் வகுப்பின் முதல் மாணவி ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு தாதி. தன் ஊரில் பதினொரு ஆண்டுகள் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்தவர். அவுஸ்திரேலியாவில் தாதியாகப் பதிவுசெய்ய ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். அதுவரை ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தார். ஒருநாள் காலையில் பணி மாறும் நேரத்தில், ஒரு முதியவர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிறார் என்று அவர் சொல்லியிருக்கிறார். விழுங்குவதில் கோளாறு என்பதற்கு அது முக்கியமான அறிகுறி. மூன்று தடவை “என்ன? என்ன?” என்று கேட்டுவிட்டு, கேட்டவர் அடுத்த நோயாளரின் விபரத்துக்குப் போய்விட்டார். அன்று அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் அந்தத் தாதி. பிறகு எல்லாவற்றையும் எழுதியே கொடுக்கத் தொடங்கினார். எங்களிடம் அவர் சொன்ன வார்த்தை இது: “டொக்டர், எனக்குத் தெரிந்ததை நான் சொல்வதில்லை. என் வாயில் வரக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.”

இதுதான் எங்களை உலுக்கியது. உச்சரிப்பு அழகுக்குரிய விடயம் என்று நினைத்திருந்தோம். அது நோயாளரின் பாதுகாப்புக்குரிய விடயம். விடயம் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டால், அந்த அறிவு படுக்கையில் கிடப்பவருக்குப் போய்ச்சேராது.

இனி விடயத்துக்கு வருவோம். வளர்ந்தவர்களுக்கு வேற்றுமொழியின் ஒலி ஏன் கடினமாக இருக்கிறது? நாக்கு தடித்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். சிக்கல் நாக்கில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. பிறந்த குழந்தைக்கு உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை கேட்கும். முதல் வயது முடிவதற்குள் தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கைவிடத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பற்றிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு, 9 மாத வயதில், மண்டரின் பேசும் ஒருவர் நேரில் இருந்து 12 அமர்வுகளில் விளையாடிக் கதைத்தார். அந்தக் குழந்தைகள் மண்டரின் ஒலிகளைப் பிரித்தறியும் திறனை இழக்கவில்லை. அதே பேச்சை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் மட்டும் கேட்ட குழந்தைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. எதிரே ஒரு மனிதர் வேண்டும். பெரியவர்கள் ஒலிப்பதிவிலிருந்தும் கற்றுக்கொள்வார்கள், ஆனாலும் எங்கள் வகுப்பு நேரில்தான் நடக்கிறது.

ஆகவே எங்கள் வகுப்பில் முதல் வேலை கேட்பது. ஒரே சொல்லை எங்கள் நால்வரின் குரலிலும், நூலகத்துக்கு வரும் அவுஸ்திரேலியர் சிலரின் குரலிலும் கேட்க வைப்போம். ஒரே குரலில் கேட்டுப் பழகினால் அந்தக் குரலில் மட்டுமே பிடிபடும். பல குரல்களில் கேட்டால்தான் ஒலி மனதில் தங்கும். ஜப்பானியருக்கு ஆங்கில ரகர லகரங்களைப் பழக்கிய அமெரிக்க ஆய்வுகளும் இதையே காட்டின.

அடுத்து, ஒலி எங்கே பிறக்கிறது என்று காட்ட வேண்டும். இது எங்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல், நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களைச் சொல்லி, எந்த எழுத்து எந்த இடம் பொருந்தப் பிறக்கும் என்று வகுக்கிறது. பத்தாம் வகுப்பில் நாங்கள் மனனம் செய்து பரீட்சையோடு மறந்துவிட்ட பாடம். மெல்பேண் நூலகத்தில் ஒரு கைக்கண்ணாடியோடு உட்கார்ந்தபோது அதைத்தான் திரும்பவும் எடுத்தோம். கண்ணாடி, ஒரு கீற்றுக் கடதாசி, ஒரு றப்பர் வளையம். எங்கள் உபகரணங்கள் இவ்வளவே.

ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, ‘தாங்க் யூ’ என்பதன் முதல் ஒலி. மண்டரினில் இது இல்லை. அதனால் ‘சாங்க் யூ’ என்று வரும். கன்டோனீஸ் பேசுவோரிடம் இது பெரும்பாலும் ‘ஃபாங்க் யூ’ ஆகும். வாய் என்ற சொல் எலி என்ற சொல்லாகும். தொடை என்பது பெருமூச்சாகும். மூன்று என்பது இலவசம் என்று கேட்கும். சாப்பாட்டு மேசையில் இது வேடிக்கை. மருந்து கொடுக்கும் இடத்தில் வேடிக்கை அல்ல. நாக்கின் நுனி பற்களுக்கு வெளியே சற்றுத் தெரியும்படி வைத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காற்றை விட வேண்டும். பெரியவர்கள் முன்னிலையில் நாக்கை வெளியே காட்டச் சிலர் கூச்சப்படுவார்கள். “நாக்கை நீட்டுங்கள் என்று சொல்வதே எங்கள் தொழில், உங்கள் பாரம்பரிய வைத்தியரும் முதலில் நாக்கைத்தானே பார்க்கிறார்” என்போம். சீன வைத்தியத்தில் நாக்கைப் பார்த்து நோயறிவது முக்கியமான முறை. சிரிப்பு வந்ததும் கூச்சம் போய்விடும். தமிழர்களாகிய நாங்களும் இந்த ஒலியைச் சரியாகச் சொல்வதில்லை, தகரத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். ஆனால் ‘அது’, ‘கதை’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் மெலிந்து வரும் தகரம், ஆங்கிலத்தில் ‘இது’ என்பதற்கான சொல்லின் முதல் ஒலிக்கு மிக அருகில் நிற்கிறது.

இரண்டாவது, ‘வீ’ என்ற எழுத்தும் ‘டபிள்யூ’ என்ற எழுத்தும். இங்கேதான் எங்களுக்கும் அவர்களுக்கும் நட்பு இறுகியது. மண்டரினின் ஒலி அமைப்பில் டபிள்யூவின் ஒலிக்குத்தான் இடமுண்டு, வீயின் ஒலிக்குத் தனியிடம் இல்லை. எங்களுக்கோ நேர்மாறு. மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறப்பது வகரம் என்று எங்கள் இலக்கணமே சொல்கிறது. இதழைக் குவிக்கும் ஒலி எங்களுக்குத் தனியெழுத்தாக இல்லை. திராட்சைக் கொடிக்கும் திராட்சை மதுவுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ‘வைன்’தான். எனவே ஒருவருக்கொருவர் ஆசிரியரானோம். அவர்களுடைய பற்களை நாங்கள் கவனித்தோம், எங்களுடைய இதழ்களை அவர்கள் கவனித்தார்கள். வாந்தி, நாளம், தடுப்பூசி, வைரஸ் என்று வைத்தியசாலையில் வீயில் தொடங்கும் சொற்கள் கனக்க இருப்பதால் இதற்கு நேரம் செலவிடுவது வீண் போகாது.

மூன்றாவது, நகரம், லகரம், ரகரம். சீனர்களுக்கு ரகரம் வராது என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. ‘சீன மொழி’ என்று நாங்கள் ஒன்றாகச் சொல்வதற்குள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள முடியாத பல பேச்சுமொழிகள் இருக்கின்றன. எழுத்துத்தான் பெரும்பாலும் பொது. மண்டரினில் லகரமும் உண்டு, நாவை மேலே வளைக்கும் ஒருவகை ரகரமும் உண்டு. கன்டோனீஸில் ரகரம் இல்லை. ஹூனான், சிச்சுவான் போன்ற பகுதிகளின் பேச்சில் நகரமும் லகரமும் பல இடங்களில் ஒன்றாகிவிடுகின்றன. ஹொங்கொங்கிலும் சொல்லின் முதலில் வரும் நகரம் பலருடைய வாயில் லகரமாகிவிட்டது. ஆகவே ஒருவர் எந்த ஊர் என்று கேட்ட பிறகே பாடம் தொடங்க வேண்டும்.

எங்கள் ஹூனான் தாதிக்கு இதுவே பெரிய தடை. உப்புக் குறைந்த உணவு என்பதற்கு ‘லோ சோல்ட்’, உப்பே இல்லாத உணவு என்பதற்கு ‘நோ சோல்ட்’. அவருடைய காதுக்கு இரண்டும் ஒன்று. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ‘ன்ன்ன்’ என்று சொல்லிப் பாருங்கள், தங்கைமாரே. சத்தம் நின்றுவிடும். பிடித்தபடியே ‘ல்ல்ல்’ என்று சொல்லுங்கள். சத்தம் தொடரும். காற்று மூக்கால் போகிறதா, நாக்கின் பக்கங்களால் போகிறதா என்பதுதான் வேறுபாடு. காது பிரிக்காததை விரல் பிரித்துக் காட்டும். அவர் பஸ்ஸிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பழகினாராம்.

இந்த இடத்தில் ஒரு மகிழ்ச்சியான செய்தி. பீஜிங் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, எங்கள் மொழியின் பெயரைக் கேட்டுவிட்டு ‘தமிழ்’ என்று முதல் தடவையிலேயே ழகரத்தோடு சொன்னார். பீஜிங் பேச்சில் சொற்களின் கடைசியில் நாவை வளைத்துச் சொல்லும் ஒலி நிறைய வரும். அது எங்கள் ழகரத்துக்கு நெருங்கிய சொந்தம். ‘டமில்’ என்றே கேட்டுக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அன்று தேநீர் கூடுதலாக இனித்தது.

நான்காவது, சொல்லின் கடைசி ஒலி. மண்டரினில் ஒரு அசை மெய்யொலியில் முடிந்தால் அது ‘ன்’ அல்லது ‘ங்’, அல்லது நாவளையும் ரகரமாகத்தான் இருக்கும். ஆகவே ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய் ஒன்றில் விழுந்துவிடும், இல்லையேல் அதன் பின்னால் ஒரு உயிரொலி ஒட்டிக்கொள்ளும். சிரிக்க வேண்டாம். ‘பஸ்ஸு’, ‘காட்டு’, ‘பாங்கு’ என்று நாங்கள் செய்வதும் அதுதான். கன்டோனீஸில் ‘ப்’, ‘ட்’, ‘க்’ கடைசியில் வரும், ஆனால் வாயை மூடியபடி நிறுத்திவிடுவார்கள், மற்றவர் காதுக்கு எட்டாது. இதற்கு நாங்கள் கண்ட வழி புணர்ச்சி. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், முந்திய சொல்லின் மெய்யை அதன்மேல் ஏற்றிவிட வேண்டும். ‘டேக் – இட் – ஒஃப்’ என்று மூன்றாக உடைக்காமல் ‘டே-கி-டொஃப்’ என்று சொன்னால் விழுந்துபோன மெய்கள் தாமாகவே எழுந்து நிற்கும்.

கடைசி மெய் விழுவதில் மிகவும் ஆபத்தான சொல், ‘முடியும்’, ‘முடியாது’ என்ற சோடி. ‘கன்’ என்பதும் ‘கான்ட்’ என்பதும். மூச்செடுக்க முடியாது என்று ஒருவர் சொல்ல, முடிகிறது என்று கேட்டால் என்ன ஆகும்? அவுஸ்திரேலிய வழக்கில் இரண்டாவது சொல்லின் உயிர் நீளும் என்பதைப் பழக்குகின்றோம். அதைவிடப் பாதுகாப்பான வழி, அவசர நேரத்தில் சுருக்காமல் ‘கனொட்’ என்று முழுதாகச் சொல்வது. இதை எல்லா மாணவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

ஐந்தாவது, குறிலும் நெடிலும். ‘ஃபிட்’ என்றால் வலிப்பு, ‘ஃபீட்’ என்றால் பாதங்கள். தாத்தாவுக்குப் பாதத்தில் ஏதோ என்று நினைத்து நாங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னால், மகள் சொல்லவந்தது வலிப்பைப் பற்றியதாக இருக்கும். இந்த வேறுபாடு மண்டரினில் சொல்லைப் பிரிப்பதில்லை. தமிழருக்கோ இது தாய்ப்பாலோடு வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ‘மாத்திரை’ என்ற சொல்லுக்குக் குளிசை என்றும் பொருள் இருப்பதை அவர்களுக்கு விளக்கியதிலிருந்து வகுப்பில் “ஒன்றா, இரண்டா?” என்று விரலைக் காட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அளவு மட்டும் போதாது. ஆங்கிலக் குறில் இகரத்துக்கு நாக்குச் சற்றுத் தாழ்ந்து இதழ்கள் தளர்ந்து இருக்க வேண்டும். நெடிலுக்கு இதழ்கள் புன்னகைபோல் விரிய வேண்டும். இதற்கும் கண்ணாடியே துணை.

ஆறாவது, அழுத்தம். மண்டரினில் அசைக்கு அசை ஏற்ற இறக்கம் உண்டு. நான்கு வகை ஏற்ற இறக்கம், அவற்றோடு ஐந்தாவதாக ஒரு மெல்லிய அசை. இந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தையும் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துச் சொல்வார்கள். ஆங்கிலமோ ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்கும் மொழி. ‘அலர்ஜி’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில், ‘அலர்ஜிக்’ என்றால் இரண்டாவது அசையில். றப்பர் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுத்தம் வரும் அசையில் இழுக்கச் சொல்வோம். மற்ற அசைகளை மெலிப்பது எப்படி என்பதற்கு அவர்களுடைய மொழியிலேயே விடை இருக்கிறது. மண்டரினில் அம்மாவுக்கு ‘மாம’ என்பார்கள். முதல் அசை உயர்ந்து நிற்கும், இரண்டாவது மெலிந்து விழும். “அந்த இரண்டாவது அசையைப் போலச் சொல்லுங்கள்” என்றால் போதும், மணிக்கணக்கான விளக்கம் மிச்சம்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 13க்கும் 30க்கும், 15க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு ஒரு வால்தான். மண்டரினில் 13 என்பது ‘பத்து-மூன்று’, 30 என்பது ‘மூன்று-பத்து’. எவ்வளவு தெளிவு, பாருங்கள். எங்கள் பதின்மூன்றும் முப்பதும்கூடக் குழப்பம் தருவதில்லை. ஆங்கிலம்தான் இந்த இடத்தில் மோசமான மொழி. 15 மில்லிகிராமா, 50 மில்லிகிராமா என்பதில் ஒரு உயிர் இருக்கலாம். ஆகவே ரெலிபோனில் மருந்தளவு சொல்லும்போது, எண்ணைச் சொல்லிவிட்டு ‘ஒன்று-ஐந்து’ அல்லது ‘ஐந்து-பூச்சியம்’ என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது ஆங்கிலம் தெரியாதவருக்கான சலுகையல்ல. ஆங்கிலத் தாய்மொழியாளருக்கும் உரிய பாதுகாப்பு நடைமுறை.

எங்கள் வகுப்பில் தாதியர் மட்டுமல்ல, ஹொங்கொங்கிலிருந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த எழுபது வயதைக் கடந்த ஓர் ஐயாவும் இருக்கிறார். அவருக்குப் பரீட்சை இல்லை. மனைவிக்கு இருதய நோய். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிவந்தால் தன் முகவரியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. அவர் இருப்பது கிளென் வேவர்லியில். எங்களவர்களும் நிறைய வாழும் இடம். அந்தப் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: முதலில் இரட்டை மெய், பிறகு டபிள்யூ, உடனே வீ, அதன் பின்னால் லகரம். கன்டோனீஸ் நாவுக்கு வைத்த பொறிபோல. அவசர அழைப்பில் முதல் கேள்வி, பொலிசா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்பது. அந்தக் கேள்வியிலிருந்து வீட்டு இலக்கம், தெரு, ஊர் வரையில் ஆறு வாரம் பழகினார். இப்போது நடுக்கமில்லாமல் சொல்கிறார். சொல்லிவிட்டு, எழுத்துக்கு எழுத்தாகவும் கூறுகிறார். அவருடைய ஆங்கிலம் அவ்வளவுதான். அது போதும்.

இனி, மிக முக்கியமானதென்று நாங்கள் நினைப்பதைச் சொல்கிறோம். உச்சரிப்பைத் திருத்துவது என்பது ஒருவருடைய ஊரை அவருடைய வாயிலிருந்து அழிப்பதல்ல. கனடாவில் மரே மன்றோ, ட்ரேசி டேர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சைப் பதிவுசெய்து ஆங்கிலத் தாய்மொழியாளரைக் கேட்க வைத்தார்கள். அயல் வாடை பலமாக இருக்கிறது என்று கேட்டவர்கள் மதிப்பிட்ட பேச்சிலும் ஏராளமானவற்றை அவர்களே சொல்லுக்குச் சொல் சரியாக எழுதியிருந்தார்கள். வாடை வேறு, விளக்கம் வேறு. நாங்கள் திருத்துவது விளங்காமல் போகும் இடங்களை மட்டும்.

ஓர் ஒலியை வைத்து மனிதரை எடைபோட்டால் அது எங்கே போய் முடியும் என்பதை இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1983 ஆடியில் பஸ்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘பால்திய’ என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்தைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் அதிர்வில்லாமல் சொல்வதே தமிழ் நாவின் இயல்பு. அந்த ஓர் எழுத்து அன்று உயிருக்கு விலையாயிற்று. அதே அதிர்வொலி மண்டரினிலும் இல்லை. அவர்களுடைய உரோமன் எழுத்து முறையில் ‘பீ’ என்று எழுதுவதும் அதிர்வில்லாத ஒலியே. இதை நாங்கள் கரும்பலகையில் எழுதி விளக்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் பெற்றோர் தாழ்ந்த குரலில் சொன்ன அந்தக் கதைகள் நினைவுக்கு வரும். ஒலியை எவரையும் பிடித்துக்கொடுக்கும் கருவியாக்கக் கூடாது, வழி திறக்கும் கருவியாக்க வேண்டும் என்பதே எங்கள் வகுப்பின் எழுதாத விதி.

இதனால் இரண்டு கடமைகள் எங்கள் பக்கமும் உண்டு. ஒன்று, கேட்பவரின் கடமை. பேசுபவர் பாதித் தூரம் வந்தால் கேட்பவரும் பாதித் தூரம் போக வேண்டும். “விளங்கவில்லை” என்று முகத்தைச் சுளிப்பதற்குப் பதிலாக, “நீங்கள் சொன்னது உப்புக் குறைந்த உணவா, உப்பில்லாத உணவா?” என்று கேட்கலாம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது போன்ற இடங்களில், நோயாளர் எவ்வளவு ஆங்கிலம் கற்றிருந்தாலும், மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1973இலேயே ரெலிபோன் மூலமான மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கிவிட்டது. இருக்கிற வசதியைப் பயன்படுத்தாமல், பிள்ளையையோ பேரனையோ மொழிபெயர்க்க வைப்பது முறையல்ல.

மற்றது, பெயர். எங்கள் வகுப்பில் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதலில் தன் பெயரை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பலர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வார்கள், எங்களவர்கள் நீண்ட பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்குவதுபோல. ஏற்ற இறக்கத்தோடு ஒரு சீனப் பெயரைச் சரியாகச் சொல்ல எங்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். கற்பிக்கும் நாங்களும் கற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்தால் அவர்களுக்கு வெட்கம் பாதி குறைந்துவிடும்.

ஹூனான் தாதியைப் பற்றிக் கேட்க ஆவலாயிருப்பீர்கள். அவுஸ்திரேலியாவில் 1980களின் இறுதியில் சுகாதாரத் துறையினருக்கென்றே உருவாக்கப்பட்ட ஆங்கிலப் பரீட்சை ஒன்று உண்டு. அதன் பேச்சுப் பகுதியில், நோயாளராக நடிக்கும் ஒருவரோடு ஐந்தைந்து நிமிடமாக இரண்டு உரையாடல்கள் நடத்த வேண்டும். ஏழு மாதப் பழக்கத்தின் பின் அதில் தேறினார். ஆனால் அதைவிட எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. வைத்தியர் ஒருவர் ரெலிபோனில் மருந்தளவை அவசரமாகச் சொன்னபோது, “டொக்டர், ஒன்று-ஐந்தா, ஐந்து-பூச்சியமா, திருப்பிச் சொல்லுங்கள்” என்று இவர் கேட்டிருக்கிறார். எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தவர், கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். அவருடைய பேச்சில் ஹூனான் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

அன்பான தங்கைமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் கதைக்கப் பயம் இருக்கும். சிங்களத்தில் கதைக்கவும் பயம் இருக்கலாம். எழுத்தில் எண்பது புள்ளி எடுக்கும் பிள்ளை, வாய் திறக்கச் சொன்னால் நிலத்தைப் பார்க்கும். அந்தப் பயத்தை நாங்கள் அறிவோம். உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. குறில் நெடில் அறிந்த காதும், லகர ளகர ழகரத்தைப் பிரிக்கத் தெரிந்த நாவும் உங்களிடம் இருக்கின்றன. வீட்டில் ஒரு கண்ணாடி இருக்கும். தோழி ஒருத்தியும் இருப்பாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

அதிபர் அவர்களிடமும் சங்கத்திடமும் ஒரு சிறு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் கட்டடங்கள் எழட்டும், நல்லது. அதோடு மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு வாரத்தில் ஒருநாள், ஒரு மணித்தியாலம், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாய்விட்டுப் பேசிப் பழக ஓர் அறை ஒதுக்கித் தாருங்கள். அதில் ஒருவரும் சிரிக்கக் கூடாது என்ற ஒரேயொரு விதி இருந்தால் போதும். வேண்டிய உதவியை மெல்பேணிலிருந்து நாங்கள் நால்வரும் செய்வோம். வெளிநாடுகளில் இருக்கும் மற்றைய பழைய மாணவிகளும் தத்தம் ஊரில் அயலவருக்கு இதுபோன்ற ஒரு வகுப்பைத் தொடங்கலாம். செலவு மிகக் குறைவு, பலன் எதிர்பாராத இடத்திலெல்லாம் முளைக்கும்.

எங்களுக்கு ஒலியையும் பொருளையும் கற்றுத்தந்த ஆசிரியைகளை, இன்று எங்களோடு இல்லாதவர்களையும் சேர்த்து, நன்றியோடு நினைத்து வணங்குகின்றோம். கல்லூரி அன்னை நீடு வாழ்க.